காணும் பொங்கலுக்கு வீட்டில் பஃபே: பத்தரைக்கு அடுப்பை அணைத்துவிட்டு நீங்களும் உட்கார்ந்து சாப்பிட

காணும் பொங்கலுக்கு உறவுக்காரர்கள் வீட்டுக்கு வருவது வழக்கம். வருகிறவர்கள் பத்துப் பதினைந்து பேர் என்றால் காலையில் டிபன், மதியம் சாப்பாடு, நடுவில் இரண்டு முறை காபி என்று வீட்டுச் சமையல்காரருக்கு, அதாவது பெரும்பாலும் வீட்டுப் பெண்களுக்கு, அன்றைய நாள் முழுக்க சமையலறையிலேயே முடிந்துவிடும். அதுவும் போகி, பொங்கல், மாட்டுப் பொங்கல் என்று ஏற்கெனவே மூன்று நாள் நின்று களைத்த கால்கள். வந்தவர்களைப் 'பார்க்கும்' நாளில் அவர்களோடு பத்து நிமிஷம் சேர்ந்து உட்கார முடியாமல் போவது எனக்கு நிஜமாகவே வருத்தமான விஷயம்.

இதற்கு நல்ல வழி, டிபனையும் சாப்பாட்டையும் ஒன்றாக்கி, காலை பத்தரையிலிருந்து ஒரு மணி வரை எல்லாவற்றையும் மேசையில் பரப்பிவிடுவது. அவரவர் வரும் நேரத்துக்கு வந்து, வேண்டியதை எடுத்துப் போட்டுக்கொண்டு, பேசிக்கொண்டே சாப்பிடுவார்கள். சாயங்காலம் மெரினாவுக்கோ மாமல்லபுரத்துக்கோ வண்டலூர் பூங்காவுக்கோ போகிறவர்களுக்கும் இந்த நேரம் தோதுப்படும். முதல்முறை செய்கிறவர்களுக்காக, பெரியவர்கள் பன்னிரண்டு பேர், குழந்தைகள் மூன்று நான்கு பேர் என்ற கணக்கில் எழுதுகிறேன். உங்கள் வீட்டுக்கு வரும் கூட்டத்தைப் பார்த்துக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றுக்கும் ஒரே விதி: பத்தரை மணிக்கு அடுப்பு அணைந்திருக்க வேண்டும். கீழே சொல்வதெல்லாம் இதற்காகத்தான்.

முதலில், என்ன செய்யக்கூடாது

தோசை வேண்டாம். "சூடா ஒரு தோசை வார்த்துக் குடுத்தா என்ன?" என்று யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார், மனசும் இளகும், ஆனால் ஒருவருக்கு வார்த்தால் பதினைந்து பேருக்கும் வார்க்க வேண்டும், ஒருவருக்கு மூன்று என்றாலே நாற்பத்தைந்து, கல்லை விட்டு ஒருவர் நகரவே முடியாது. பூரி, ஆப்பம், ஊத்தப்பம் எல்லாம் இதே வகைதான். இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மெதுவடையும் வேண்டாம். எண்ணெயிலிருந்து எடுத்த அரை மணி நேரத்தில் அதன் மொறுமொறுப்பு போய்விடும், மேசையில் இரண்டு மணி நேரம் கிடந்தால் ரப்பர் மாதிரி ஆகிவிடும். வடை இல்லாமல் விருந்தா என்று தோன்றினால் அதே மாவில் தயிர்வடை செய்யுங்கள், ஊற ஊற அதற்கு ருசி கூடும்.

வெண்பொங்கல், சர்க்கரைப் பொங்கல் இரண்டையும் விட்டுவிடலாம். இரண்டு நாளாக எல்லார் வீட்டிலும் அதுதான் நடந்திருக்கும். நெய், வெல்லம் என்ற பேச்சைக் கேட்டாலே திகட்டும் நிலையில்தான் எல்லோரும் வருவார்கள். இனிப்பென்று தனியாக எதுவும் செய்யாமல் கிழங்கும் கரும்பும் வைத்தால் போதும் என்பது என் கருத்து.

அப்புறம் என்ன செய்வது

இட்லி, டிபன் சாம்பார், தேங்காய்ச் சட்னி, தக்காளித் தொக்கு, இட்லிப் பொடி, புளியோதரை, தயிர்வடை, அப்பளம். கூடவே அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு, பனங்கிழங்கு, பச்சை மொச்சைச் சுண்டல். கடைசியாக காபி, கரும்புத் துண்டு. பார்க்க நீளமாக இருக்கும், ஆனால் இதில் பாதி முந்தைய நாட்களிலேயே முடிந்துவிடும், மீதியில் பாதி வெறும் வேகவைக்கிற வேலை.

புளியோதரையை ஏன் சேர்த்தேன் என்றால், எந்தக் கூட்டத்திலும் சோறு சாப்பிட்டால்தான் சாப்பிட்டதாகக் கணக்கு என்று நினைக்கும் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். இட்லி எத்தனை வைத்தாலும் அவர்களுக்கு அது காலை டிபன்தான். புளியோதரை ஆறினாலும் நன்றாக இருக்கும், மிஞ்சினால் சாயங்காலம் கடற்கரைக்குக் கட்டிக்கொண்டு போகலாம். கிழங்குகளையும் மொச்சையையும் சேர்த்ததற்குக் காரணம் தை மாதம்தான். பனங்கிழங்கும் பச்சை மொச்சையும் வருஷம் முழுக்கக் கிடைக்காது, நகரத்திலிருந்து வரும் பிள்ளைகள் பலர் பனங்கிழங்கைக் கையில் எடுத்தே பார்த்திருக்க மாட்டார்கள்.

அசைவம் சாப்பிடும் வீடு என்றால் ஒரே ஒரு கோழிக் குழம்பு போதும், இட்லிக்கு அதைவிடப் பொருத்தமாக வேறெதுவும் வராது. ஒன்றரை முதல் இரண்டு கிலோ கறி எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மாட்டுப் பொங்கல் அன்றுதான் திருவள்ளுவர் தினம், சென்னை போன்ற ஊர்களில் அன்று இறைச்சிக் கடைகள் மூடியிருக்கும். காணும் பொங்கல் காலையில் கடைகளில் கூட்டம் அலைமோதும். கறிக்கடைக்காரரிடம் முன்பே சொல்லிவைத்து, ஆறு மணிக்கே போய் வாங்கிவர ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள். எட்டரைக்குள் குழம்பு கொதித்து இறங்கிவிடும். சைவக் கரண்டி, அசைவக் கரண்டி என்று கலந்துபோகாமல் அதைத் தனி மேசையில் வைப்பது நல்லது, சைவம் சாப்பிடுகிற உறவுக்காரர் நிம்மதியாகச் சாப்பிடுவார்.

அளவுகள்

இட்லி அரிசி 1 கிலோ, உளுந்து 250 கிராம், வெந்தயம் இரண்டு தேக்கரண்டி. இதில் 50 முதல் 60 இட்லி வரும். மற்ற பலகாரங்களும் இருப்பதால் ஆளுக்கு மூன்றுக்கு மேல் போகாது.

சாம்பாருக்குத் துவரம்பருப்பு 350 கிராம், அதில் மூன்றில் ஒரு பங்கைப் பாசிப்பருப்பாக மாற்றிக்கொண்டால் டிபன் சாம்பாருக்குரிய வழவழப்பு கிடைக்கும். சின்ன வெங்காயம் 300 கிராம், நான்கு தக்காளி, பொங்கலுக்கு வாங்கி மிஞ்சியிருக்கும் பரங்கிக்காயில் ஒரு கீற்று. மொத்தம் 3 லிட்டர் வரும்படி நீர்க்க வையுங்கள். பருப்புக் குழம்பு நேரம் ஆக ஆகக் கெட்டியாகும், அதனால் பக்கத்தில் ஒரு பிளாஸ்கில் வெந்நீர் இருக்கட்டும்.

புளியோதரைக்கு 750 கிராம் அரிசி, 100 கிராமுக்குச் சற்றுக் கூடுதலாகப் புளி, நல்லெண்ணெய் 150 முதல் 200 மில்லி. எண்ணெயில் கை சுருக்கினால் சாதம் மதியத்துக்குள் வறண்டுபோகும்.

தயிர்வடைக்கு உளுந்து 300 கிராம், தயிர் ஒன்றரை லிட்டர். சட்னிக்கு நடுத்தரத் தேங்காய் இரண்டு. கிழங்கு, மொச்சையெல்லாம் கண்ணளவுதான், ஆளுக்கு இரண்டு வாய் வந்தால் போதும்.

எந்த நாளில் எந்த வேலை

போகிக்கு முன்பே கடைக்குப் போய்விட வேண்டும். பொங்கல் நாட்களில் சின்னக் கடைகள் பலவும் திறக்காது, திறந்தாலும் காய்கறி விலை கேட்க முடியாது. பால்காரரிடம் காணும் பொங்கலுக்குக் கூடுதலாக 3 லிட்டர் வேண்டும் என்று அப்போதே சொல்லிவிடுங்கள்.

போகியன்று அல்லது அதற்கு முந்தைய நாளில் புளிக்காய்ச்சலும் தக்காளித் தொக்கும் கிளறி வைத்துவிடலாம். இரண்டுமே எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும் வரை வதக்கினால் நான்கைந்து நாள் குளிர்சாதனப் பெட்டியில் அசையாமல் இருக்கும். இட்லிப் பொடியும் அன்றே. பொங்கல் நாளில் இந்த விருந்துக்காக எதையும் தொடாதீர்கள், அந்த நாளுக்கு அதன் வேலையே நிறைய இருக்கிறது.

மாட்டுப் பொங்கல் அன்றுதான் முக்கியமான வேலை. காலை எட்டு மணிக்கு அரிசியை ஊறப் போட்டு, மதியம் ஒன்று அல்லது இரண்டு மணிக்குள் அரைத்து முடித்துவிட வேண்டும். கோடையில் இரவு பத்து மணிக்கு அரைத்தாலும் விடிவதற்குள் மாவு பொங்கி வழியும். தை மாதத்து இரவு அப்படியில்லை, குளிருக்கு மாவு புளிக்க 12 மணி நேரத்துக்கு மேலேயும் எடுக்கும், கோவை, நீலகிரிப் பக்கம் இன்னும் கூட. உப்புப் போட்டுக் கையாலேயே நன்றாகக் கரைத்து, பாத்திரத்தில் பாதிதான் இருக்கும்படி ஊற்றி, காற்றுப் படாத இடத்தில், சமைத்து முடித்த அடுப்புக்குப் பக்கத்தில் மூடி வையுங்கள். இரவு தூங்கப் போகும்போது பார்த்து, பொங்கிவிட்டிருந்தால் குளிர்சாதனப் பெட்டிக்குள் தள்ளிவிடலாம். இல்லையென்றால் அப்படியே விடியும் வரை இருக்கட்டும்.

அன்று சாயங்காலம் தயிர்வடைக்கான வடைகளைச் சுட்டு, ஆறவைத்து மூடி வையுங்கள். தயிரில் அப்போது போட வேண்டாம். பனங்கிழங்கையும் கழுவித் தோலோடு குக்கரில் உப்பும் மஞ்சளும் போட்டு ஐந்தாறு விசில் விட்டு எடுத்துவிடலாம். ஆறியபின் மேல்தோலை உரித்து, இரண்டாகப் பிளந்து நடுவில் இருக்கும் நாரை உருவிவிட்டு, விரல் நீளத் துண்டுகளாக ஒடித்து வைத்தால் மறுநாள் வேலை மிச்சம். வீட்டில் மாமா, தம்பி, வயசுப் பையன்கள் யார் இருந்தாலும் இந்த நார் உருவும் வேலையையும் மொச்சை உரிக்கும் வேலையையும் அவர்களிடம் கொடுங்கள். டிவி பார்த்துக்கொண்டே செய்யக்கூடிய வேலைதான்.

இனி, அன்று காலை. ஆறரைக்குப் பருப்பும் புளியோதரைக்குச் சாதமும் வேகட்டும். சாதம் உதிரியாக வடித்து, பெரிய தாம்பாளத்தில் கொட்டிப் பரப்பி, மேலே நல்லெண்ணெயும் மஞ்சள்தூளும் தூவி ஆறவிடுங்கள். சூடாக இருக்கும்போதே கிளறினால் குழைந்துவிடும். எட்டு மணிக்குப் புளிக்காய்ச்சலைப் போட்டுக் கையால் மெதுவாகக் கலந்து மூடி வைத்தால், சாப்பிடும் நேரத்துக்குள் புளியும் காரமும் சாதத்துக்குள் இறங்கியிருக்கும். அதே நேரத்தில் வடைகளைப் பத்து நிமிஷம் வெந்நீரில் போட்டு, உள்ளங்கையில் வைத்து லேசாக அழுத்திப் பிழிந்து, தேங்காய், இஞ்சி, பச்சை மிளகாய் அரைத்துக் கலந்த தயிரில் மூழ்கவிட்டுக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைக்கவும். தயிரில் ஒரு டம்ளர் காய்ச்சி ஆறிய பால் சேர்த்தால் மதியம் வரை புளிக்காது.

எட்டே முக்காலுக்குள் சாம்பார் இறங்கிவிட வேண்டும். கிழங்கு, மொச்சை வேகும் அடுப்பும் அதற்குள் காலியாகிவிடும். ஒன்பதுக்கு இட்லி. இருபது இட்லி வேகும் பாத்திரம் என்றால் மூன்று ஈடு, ஈட்டுக்குப் பன்னிரண்டு நிமிஷம், இரண்டு மூன்று நிமிஷம் ஆறவிட்டு எடுத்தால் ஒட்டாமல் வரும். ஐம்பது நிமிஷத்தில் முடிந்துவிடும். கடைசி ஈட்டில் பாதியை நான்காக வெட்டி, நல்லெண்ணெயும் பொடியும் போட்டுப் புரட்டிப் பொடி இட்லியாக வைத்துவிடுங்கள், குழந்தைகள் கையில் எடுத்துக்கொண்டு ஓட வசதி. அப்பளம் பொரித்துத் தகர டப்பாவில் அடைத்து, கடைசியாகப் பத்து மணிக்குச் சட்னி அரைத்துத் தாளித்து, பால் காய்ச்சி, அடுப்பை அணைத்து, முகம் கழுவி, புடவை மாற்ற உங்களுக்குக் கால் மணி நேரமாவது இருக்கும்.

மேசை

சாப்பாட்டு மேசை சுவரோடு ஒட்டியிருந்தால் நடுவுக்கு இழுத்துப் போடுங்கள். இரண்டு பக்கமும் ஆட்கள் நகர முடிந்தாலே நெரிசல் பாதியாகும். மேசை சின்னது என்றால் வாடகைப் பாத்திரக் கடையில் மடக்கு மேசை கிடைக்கும். தண்ணீரும் காபியும் அந்த மேசையில் வேண்டவே வேண்டாம், கூடத்தின் மறுமூலையில் ஒரு ஸ்டூலில் வையுங்கள்.

வரிசை இப்படி இருக்கட்டும்: தட்டு, இட்லி, பொடியும் எண்ணெயும், சாம்பார், சட்னி, தொக்கு, புளியோதரை, தயிர்வடை, கிழங்கு, மொச்சை, கடைசியில் அப்பளம். ஸ்பூனையும் கைக்குட்டைக் காகிதத்தையும் தொடக்கத்தில் வைக்காதீர்கள். ஒரு கையில் தட்டு, மறு கையில் கரண்டி என்று நிற்பவருக்கு அவற்றை எங்கே பிடிப்பது என்று தெரியாது, முடிவில் வைத்தால் எடுத்துக்கொண்டு நேராக உட்காரப் போய்விடுவார். சாம்பாருக்குத் தட்டையான தட்டு போதாது, பக்கத்தில் சின்னக் கிண்ணங்கள் அடுக்கி வையுங்கள். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனிக் கரண்டி, கரண்டியை வைக்க அடியில் ஒரு சின்னத் தட்டு. இது இல்லையென்றால் பத்து நிமிஷத்தில் மேஜை விரிப்பு மஞ்சளாகிவிடும்.

தட்டுக்கு, பாக்குமட்டைத் தட்டு வாங்கினால் வேலை சுலபம். பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டு, கப் எல்லாம் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டவை, கடையில் கொடுத்தாலும் வாங்காதீர்கள். வீட்டு எவர்சில்வர் தட்டில் வாழையிலைத் துண்டு வெட்டிப் போட்டால் இன்னும் அழகு, கழுவுவதும் எளிது.

சூட்டைக் காப்பதில்தான் கொஞ்சம் கவனம் வேண்டும். இட்லியை ஹாட்பாக்ஸில் அடியிலும் மேலேயும் பருத்தித் துணி போட்டு அடுக்குங்கள், இல்லையென்றால் மூடியில் சேரும் நீர் சொட்டி மேல் இட்லி சொதசொதத்துவிடும். சாம்பாரையும் கோழிக் குழம்பையும் வாயகன்ற பாத்திரத்தில் ஊற்றி, அதைவிடப் பெரிய பாத்திரத்தில் கொதிநீர் ஊற்றி அதற்குள் இறக்கி வைத்தால் ஒரு மணி நேரம் சூடு நிற்கும், மறுபடி நீரை மாற்றினால் இன்னொரு மணி நேரம். இண்டக்‌ஷன் அடுப்பு இருந்தால் மேசையிலேயே மிகக் குறைந்த சூட்டில் வைக்கலாம். சூடாக இருக்க வேண்டியது 60 டிகிரி செல்சியஸுக்கு மேலேயே இருக்க வேண்டும், சமைத்த உணவு வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆறிக் கிடக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. நம்மிடம் வெப்பமானி இருக்காது, ஆவி பறக்கிறதா என்று பார்த்தால் ஓரளவு தெரியும்.

தேங்காய்ச் சட்னியும் தயிர்வடையும்தான் சீக்கிரம் கெடுபவை. பாதியை மட்டும் மேசையில் வைத்துவிட்டு மீதியைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருங்கள். காலியாகும்போது பழைய கிண்ணத்திலேயே புதுசை ஊற்றாதீர்கள், கிண்ணத்தையே எடுத்துவிட்டு வேறு கிண்ணம் வையுங்கள். பழைய சட்னியின் புளிப்பு புதுச் சட்னியையும் பிடித்துக்கொள்ளும்.

கை கழுவும் இடத்தில் சோப்பும் இரண்டு துண்டும். குப்பைக்குத் தட்டு போட ஒரு கூடை, அதுதவிரக் கரும்புச் சக்கை துப்பத் தனியாக ஒரு வாளி. இந்த வாளியை மறந்தால் சக்கை ஜன்னலோரம், பூந்தொட்டி, சோபா இடுக்கு என்று எங்கெங்கோ கிடக்கும்.

பெரியவர்கள்

எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. நம் ஊரில் விருந்தென்றால் பரிமாறுவதுதான். இலை போட்டு, பக்கத்தில் நின்று, "இன்னும் ரெண்டு வெச்சுக்குங்க" என்று சொன்னால்தான் மதித்ததாக அர்த்தம். எழுபது வயதுப் பெரியப்பாவைத் தட்டோடு வரிசையில் நிறுத்தினால் அவர் வாய் திறந்து எதுவும் சொல்ல மாட்டார், ஆனால் மனசில் தைக்கும். அதனால் பெரியவர்களுக்கு மட்டும் இந்த ஏற்பாடு பொருந்தாது என்று வைத்துக்கொள்ளுங்கள். கைப்பிடி உள்ள நாற்காலிகளைக் கூடத்தில் போட்டு, "பெரியப்பா, நீங்க உக்காருங்க, நான் கொண்டு வர்றேன்" என்று சொல்லி, முதல் தட்டு அவர்களுக்குப் போகட்டும். இரண்டாவது சுற்றுக்கு ஒரு பேரனையோ பேத்தியையோ பக்கத்தில் உட்காரவைத்துவிட்டால் தாத்தாவுக்கு என்ன வேண்டும் என்று அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

மற்றவர்களுக்கும் முதலில் தயக்கம் இருக்கும், யாரும் முதலில் கை வைக்க மாட்டார்கள். வீட்டுக்காரர் தானே ஒரு தட்டை எடுத்து நெருங்கிய உறவுக்காரர் கையில் கொடுத்து, "வாங்க அத்தை, எடுத்துப் போட்டுக்கலாம்" என்று கூடவே நின்று போட்டுக்கொண்டால் பின்னாலேயே எல்லோரும் வருவார்கள். அப்புறம் உங்கள் தட்டோடு போய் அவர்கள் நடுவில் உட்காருங்கள். மேசையைப் பார்த்துக்கொள்ள, தீர்ந்ததை நிரப்ப, வெந்நீர் மாற்ற, பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகள் இரண்டு பேரை முன்பே நியமித்துவிடுங்கள். பொறுப்புக் கொடுத்தால் நன்றாகவே செய்வார்கள்.

காபி

பதினைந்து பேர் வீட்டில் இருபது டம்ளர் காபியாவது போகும். 150 கிராம் தூளை இரண்டு பில்டரில் போட்டு, காலை ஏழு மணிக்கே கொதிநீர் ஊற்றி இறங்கவிட்டால் ஒன்பதுக்குள் அரை லிட்டருக்கு மேல் கெட்டி டிகாக்‌ஷன் தயார். அதை அடுப்பில் நேராகச் சுட வைக்காதீர்கள், கசந்துவிடும். பாத்திரத்தோடு வெந்நீரில் வைத்துச் சூடாக்கி ஒரு சின்ன பிளாஸ்கில் ஊற்றுங்கள். பத்து மணிக்குக் காய்ச்சிய பாலை ஆடையில்லாமல் வடிகட்டி இரண்டு பெரிய பிளாஸ்கில் அடைத்துவிட்டால் பன்னிரண்டரை வரை காபிக்குத் தேவையான சூடு இருக்கும். பிளாஸ்கில் ஊற்றுவதற்கு முன் ஒருமுறை கொதிநீர் விட்டு அலசிக் கொட்டிவிட்டால் சூடு இன்னும் நிற்கும். சர்க்கரை தனிக் கிண்ணத்தில். பாதிப் பேருக்குச் சர்க்கரை கூடாது, மீதிப் பேருக்கு ஒன்றரை ஸ்பூன் வேண்டும், கலந்து வைத்தால் இருவருக்கும் ஆகாது.

மிஞ்சியது

ஒரு மணிக்கு மேசையை எடுத்துவிடுங்கள், வெளியில் இருந்த சட்னியை யோசிக்காமல் கொட்டிவிடலாம். இட்லி மிஞ்சினால் உதிர்த்து இரவுக்கு உப்புமா. சாம்பாரையும் குழம்பையும் உடனே ஒரு கொதி விட்டு ஆறவைத்து உள்ளே வையுங்கள். புளியோதரையை வாழையிலையில் வைத்துச் செய்தித்தாள் சுற்றிப் பொட்டலமாகக் கட்டி, கூடவே டப்பாவில் மிஞ்சிய அப்பளமும் கிழங்கும் எடுத்துக்கொண்டால் கடற்கரைக்குப் போகிறவர்களுக்கு அங்கே எதுவும் வாங்க வேண்டியிருக்காது. சென்னையில் இருப்பவர்கள் மூன்று மணிக்குள் கிளம்பிவிடுங்கள், அதற்கப்புறம் மெரினாவைச் சுற்றிய சாலைகளில் வண்டி நிறுத்த இடம் கிடைப்பது கஷ்டம்.